மீன் சாகவில்லை என்றால் தண்ணீர் நல்லதா? 96 மணி நேரச் சோதனை பற்றி ஒரு விவாதம்

அரசலாற்றங்கரை (தொடக்கப் பதிவு)

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு கூட்டம். வாய்க்காலில் கலக்கும் ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஊர்க்காரர்கள் கேட்டார்கள். ஆலைத் தரப்பில் ஒருவர் ஆய்வக அறிக்கையைத் தூக்கிக் காட்டி, "நீர் கலக்காத கழிவுநீரிலேயே மீன் விட்டுப் பார்த்தோம். 96 மணி நேரம் கழித்து 90 சதவீதத்துக்குக் குறையாமல் உயிரோடு இருந்தது. சட்டம் கேட்பதும் அதைத்தான்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இந்த மீன் சோதனையே ஏமாற்று வேலை" என்றார். அவருக்குத்தான் கைதட்டல்.

எனக்கு இரண்டு பேச்சுமே உறுத்தியது. ஒன்பது வருடமாக ஒரு தனியார் ஆய்வகத்தில் நான் செய்கிற வேலை அது. அதனால் முதலில் அது என்ன சோதனை என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு விதமாகச் செய்கிறோம். ஒரு ரசாயனத்தின் நச்சு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஓஈசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வெளியிட்ட 203-ஆம் எண் வழிகாட்டி. 1981-இல் வந்தது, 1992-இலும் 2019-இலும் திருத்தினார்கள். வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ரசாயனத்தின் அடர்த்தி முந்தியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைந்தது ஐந்து அடர்த்தி, தொட்டிக்குக் குறைந்தது ஏழு மீன். ரசாயனமே இல்லாத ஒரு தொட்டி தனியாக. நான்கு நாளும் தீனி கிடையாது. 24, 48, 72, 96 மணியில் எத்தனை மீன் செத்தது என்று எழுதுவோம். எந்த அடர்த்தியில் பாதி மீன் சாகுமோ அதுதான் எல்சி50. லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ வந்தால் கடும் நஞ்சு என்று முதல் வகையில் போகும். 10 வரை இரண்டாம் வகை. 100 வரை மூன்றாம் வகை.

கழிவுநீருக்கு வேறு வழி. 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணையில் ஒரே வரிதான் இருக்கும்: நூறு சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன் பிழைத்திருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு முன்னாலேயே மீன் பேச ஆரம்பித்துவிடும். கெண்டைக் குஞ்சை விட்ட முதல் மணி நேரத்திலேயே செவுள் மூடி அடிக்கும் வேகம் கூடும். அப்புறம் நிறம் கறுக்கும், கூட்டத்தை விட்டு ஒதுங்கி மூலையில் நிற்கும், பக்கவாட்டில் சாயும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி சாயும். அதைப் பார்த்தபடி இரவு பதினோரு மணிக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் "ஏமாற்று வேலை" என்ற சொல் எனக்கு வலிக்கிறது. என் கருத்து: சோதனை நல்லது. அதன் தாளைத் தூக்கிக் காட்டியவர்தான் அது சொல்லாததை அதன் வாயில் போட்டார்.

குட்டைக்காரர்

தங்கச்சி, கூட்டத்தில் எழுந்து பேசியது நான் இல்லை. இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கரில் குட்டை. கட்லா, ரோகு, மிர்கால். போன சித்திரையில் மேட்டூர் மூடிக் கிடந்தது, ஆற்றில் மணல்தான். போர்த் தண்ணீர் எங்களுக்கு உப்பு. வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது மேலே உள்ள ஒரு ஆலையிலிருந்து வடியும் தண்ணீர் மட்டும்தான். கண்ணுக்குத் தெளிவாக இருந்தது, நாற்றமும் பெரிதாக இல்லை. மோட்டாரைப் போட்டு ஏற்றினேன். குட்டைத் தண்ணீரில் கால் பங்கு அதுவாக இருக்கும்.

இரண்டாம் நாள் மதியம், மணி மூன்று. ஊரே படுத்திருக்கிற நேரம். கரையில் தண்ணீர் சிதறுகிற சத்தம் கேட்டு ஓடினேன். கட்லா வட்டம் போடுகிறது, துள்ளி விழுகிறது, வயிறு மேலே திரும்புகிறது. முக்கால் கிலோ, ஒரு கிலோ மீன்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. இருட்டுவதற்குள் கரை வெள்ளையாகிவிட்டது. என் மனைவி கூடையில் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டினாள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்கத் துணியவில்லை.

புகார் கொடுத்தேன். நான்காம் நாள் வந்தார்கள், பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் எடுத்தார்கள். கடைசியில் எனக்குக் கிடைத்ததும் நீங்கள் சொல்லும் அதே தாள்தான்: மீன் பிழைத்தது, கழிவுநீர் தேறியது. என் மீன் செத்தது, ஆய்வகத்து மீன் பிழைத்தது. இதில் யார் மீன் பொய் சொல்கிறது?

சாயத்தொட்டி

அண்ணே, உங்கள் நஷ்டம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்திலிருந்து ஒருவன் பேச வேண்டும். கும்பகோணம் பக்கம் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. சோப்பும் சோடாவும் போட்டு நூலைக் கொதிக்கவைத்துப் பசை எடுக்கிற தண்ணீர், சாயத் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்துதான் விடுகிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் கையிலிருந்து பணம் போகிறது.

சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் மூடுங்கள். நொய்யலில் அதுதான் நடந்தது. திருப்பூர்ச் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆலைகளை மூடச் சொன்னது. நியாயம். ஆனால் கோட்டுக்குள் நிற்பவனிடம் வந்து "தேறினாலும் நீ குற்றவாளி" என்றால் யார் தொழில் செய்ய முடியும்? குட்டையில் மீன் சாக நூறு காரணம். தீனி அதிகம், மேகமூட்டம், பாசி, ஆக்சிஜன் குறைவு. ஆலையை மட்டும் கை காட்டுவது எளிது.

வடவாற்று வாத்தியார்

மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் வேதியியல் நடத்தியவன். இருவருக்கும் ஒரு கணக்கு.

முதலில் சோதனையின் பலம். ஏழு மீன் ஏன்? ஒரு ரசாயனம் லிட்டருக்கு 100 மில்லிகிராமில் பாதி மீனைக் கொல்லும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு மீனுக்கும் நாணயம் சுண்டுகிற மாதிரிதான். ஏழு நாணயம் சுண்டி ஏழும் பூவாக விழ வாய்ப்பு 128-இல் ஒன்று. ஆகவே அந்த 100 மில்லிகிராமில் ஏழு மீனும் பிழைத்தால், "எல்சி50 இதற்கு மேல்தான்" என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நம்பலாம். இத்தனை சின்னச் சோதனைக்கு இது பெரிய உறுதி.

இப்போது பலவீனம். கழிவுநீர்ச் சோதனையில் 10 மீன் விடுகிறீர்கள். ஒன்று செத்தாலும் தேறிவிடும். உண்மையில் ஐந்தில் ஒரு மீனைக் கொல்லும் தண்ணீர் அது என்று வையுங்கள், அதாவது சட்டம் அனுமதிப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்தத் தண்ணீர் 10 மீன் சோதனையில் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம். 20 மீன் விட்டால் 21 சதவீதமாகக் குறையும். கால்குலேட்டர் இருப்பவர்கள் போட்டுப் பாருங்கள்.

ஆகவே சாயத்தொட்டி தம்பி சொல்லும் "கோடு" மெல்லிய கோடு இல்லை, தடித்த பட்டை. அதன் மேலேயே ஒருவன் வருடக்கணக்கில் நடக்கலாம்.

நுண்ணோக்கி

நான் ஆராய்ச்சி மாணவன். வேறு ஒரு கேள்வி கேட்கிறேன். 2026-ஆம் வருடத்தில் இன்னும் வளர்ந்த மீனைச் சாகடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வரிக்குதிரை மீனின் கருமுட்டையை வைத்தே செய்யலாம். ஓஈசிடி 236-ஆம் வழிகாட்டி, 2013-இல் வந்தது. ஒரு அடர்த்திக்கு 20 முட்டை, அதே 96 மணி. நான்கே அறிகுறி: முட்டை உறைந்து வெளுத்துவிட்டதா, உடல் கணுக்கள் உருவாகவில்லையா, வால் மஞ்சள்கருவை விட்டுப் பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா. முட்டை கண்ணாடி மாதிரி. லென்ஸுக்குக் கீழே வைத்தால் இதயத் துடிப்பை எண்ணலாம், ரத்த அணுக்கள் வரிசையாக ஓடுவது தெரியும். ஜெர்மனியில் 2005-லிருந்து கழிவுநீருக்கு முழு மீனை விட்டுவிட்டு மீன் முட்டைச் சோதனைக்கு மாறிவிட்டார்கள். 2021-இல் வானவில் ட்ரவுட்டின் செவுள் உயிரணுக்களை மட்டும் தட்டில் வளர்த்துச் செய்யும் 249-ஆம் வழிகாட்டியும் வந்துவிட்டது. 24 மணி நேரத்தில் முடிவு.

அக்கா, இரவு பதினோரு மணிக்கு மீன் சாய்ந்து நிமிர்வதை எழுதினேன் என்கிறீர்கள். அந்த மீனுக்கு அது நான்கு நாள் வேதனை. நமக்கு ஒரு எண்.

அரசலாற்றங்கரை

தம்பி, நீ சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019-ஆம் வருடத் திருத்தத்தில் சாவை மட்டும் எண்ணாமல் மூச்சு, நீச்சல், நிறம், சமநிலை எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னார்கள். சாகப்போகிறது என்று அறிகுறியிலேயே கண்டுகொண்டு, நாளைக்கு இந்தச் சோதனையை முன்னாலேயே நிறுத்த முடியும் என்பதற்காகத்தான். நானும் அதை விரும்புகிறேன். கருமுட்டையிலும் தட்டு உயிரணுவிலும் ஓட்டை உண்டு. முட்டை உறை பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. நரம்பைத் தாக்கும் நஞ்சுகளில் சில முட்டையில் சரியாகத் தெரிவதில்லை. நம் வயல்களில் அடிக்கும் பூச்சிமருந்துகளில் பாதி நரம்பைத் தாக்குபவைதான். அதனால் டெல்டாவில் முட்டையை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை.

குட்டைக்கார அண்ணே, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது: "மதியம், மணி மூன்று".

ஆக்சிஜன் குறைந்து சாகும் மீன் விடியற்காலையில் சாகும். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிடும், கோழி கூவுகிற நேரத்தில்தான் தண்ணீரில் மிகக் குறைவு. அப்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். மதியம் மூன்று மணிக்குப் பாசிக் குட்டையில் ஆக்சிஜன் பொங்கி வழியும். அப்போது சாகிறது, ஏரேட்டர் போட்டும் நிற்கவில்லை என்றால் வேறு ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

அந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "அம்மோனியாக்கல் நைட்ரஜன்" என்று ஒரு வரி இருக்கும். அதையும் பிஎச் எண்ணையும் (தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண்; 7 நடுநிலை, மேலே போனால் காரம்) இங்கே போடுங்கள்.

குட்டைக்காரர்

தேடி எடுத்துவிட்டேன். அம்மோனியாக்கல் நைட்ரஜன் 38, அனுமதி 50 என்று போட்டிருக்கிறது. பிஎச் 7.0. வெப்பநிலை 24. சோதனை முடியும் வரை பிஎச் 7-ஐ ஒட்டியே இருந்ததாகக் கீழே ஒரு குறிப்பு.

அரசலாற்றங்கரை

இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று மின்னூட்டம் உள்ளது, மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. இன்னொன்று மின்னூட்டம் இல்லாதது. செவுள் வழியாக நேரே ரத்தத்துக்குள் போகும். அதுதான் கொல்லும். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச்சும் சூடும் தீர்மானிக்கும். பிஎச் 7, 25 டிகிரி என்றால் கொல்லும் உருவம் நூற்றில் அரைப் பங்குக்குக் கொஞ்சம் மேல். பிஎச் 8 என்றால் 5 பங்கு. பிஎச் 9 என்றால் 36 பங்கு. 30 டிகிரி சூட்டில், பிஎச் 9-இல் ஏறக்குறைய 45 பங்கு.

ஆய்வகத்தில்: 38 மில்லிகிராம், பிஎச் 7, 24 டிகிரி. கொல்லும் உருவம் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிகிராம். கெண்டைக் குஞ்சு தாங்கிவிடும். மீன் பிழைத்தது உண்மை.

உங்கள் குட்டையில்: கால் பங்குதான் கலந்தது, ஆக 9.5 மில்லிகிராம். சித்திரை வெயிலில் பாசி கரியமில வாயுவை முழுக்க இழுத்துக்கொள்வதால் மதியம் பச்சைக் குட்டையில் பிஎச் 9-ஐத் தொடுவது சாதாரணம். சூடு 30. கொல்லும் உருவம் 4.2 மில்லிகிராம். தண்ணீர் நான்கு மடங்கு நீர்த்துப்போய் நஞ்சு இருபது மடங்கு ஏறிவிட்டது. ஓரிரு மில்லிகிராமே கெண்டை வகைகளைச் சாய்க்கப் போதும்.

யார் மீனும் பொய் சொல்லவில்லை அண்ணே. இரண்டும் வேறு வேறு தண்ணீரில் நின்றன.

சாயத்தொட்டி

அக்கா, நன்றாக விளக்கினீர்கள், எனக்கே இது புதிது. ஆனால் அன்றைக்கு அண்ணன் குட்டையில் பிஎச் 9 என்று யார் அளந்தது? கிலோக் கணக்கில் தீனி போடும் குட்டையில் மீன் கழிவிலிருந்தே அம்மோனியா ஊறும். ஏற்கெனவே அங்கே எவ்வளவு இருந்தது? அளக்காத இரண்டு எண்ணை வைத்து ஒருவன் மேல் கொலைப்பழி போடலாமா? அந்த ஆலை அனுமதிக்குள்தான் இருந்தது. 50-க்கு 38.

அரசலாற்றங்கரை

சரியான கேள்வி. பழி போட முடியாது. அன்றைக்கு மூன்று மணிக்கு யாராவது பிஎச் மீட்டரை முக்கியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது நடந்திருக்கக்கூடியது. நடந்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: அந்த அறிக்கையை வைத்து "ஆலைத் தண்ணீர் காரணமில்லை" என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் எல்லோரும் தவறுகிறோம்.

வடவாற்று வாத்தியார்

அதே 50 என்ற எண்ணைப் பாருங்கள். விதியில் அதற்குப் பக்கத்திலேயே தனி அம்மோனியாவுக்கு (அந்தக் கொல்லும் உருவத்துக்கு) 5 மில்லிகிராம் என்று இன்னொரு வரம்பும் உண்டு. அந்த 5-ஐ நீர் கலக்காமல் ஒரு தொட்டியில் விட்டால் கெண்டை பிழைக்காது. ஆற்றில் கலந்து நீர்த்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட வரம்பு அது. ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி ஜூன் 12-இல் திறப்பது நமக்கு வழக்கம். இடைப்பட்ட நாலரை மாதம் நீர்க்க வைக்க எந்த ஆறு வரும்? குடமுருட்டியில் மாடு மேய்கிறது.

நுண்ணோக்கி

இங்கே எனக்கு ஒரு வருத்தம். எல்லோரும் செத்த மீனையே பேசுகிறீர்கள். சாகாத மீன்?

கனடாவில் ஒரு சோதனை ஏரியில் 2001-லிருந்து மூன்று கோடை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் ஐந்தாறு பங்கு. எந்த மீனும் நான்கு நாளில் சாகவில்லை, நாற்பது நாளிலும் சாகவில்லை. ஆண் மீன்கள் முட்டைப் புரதத்தை உண்டாக்க ஆரம்பித்தன, இனப்பெருக்கம் நின்றது, அந்த ஏரியின் மின்னோ என்ற சிறு மீன்கள் ஏறக்குறைய அற்றே போயின. 96 மணி நேரச் சோதனைக்கு அந்தத் தண்ணீர் பன்னீர் மாதிரி.

இன்னொன்று, ஒரு மீன் பிழைத்தால் எல்லா மீனும் பிழைக்கும் என்பது. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் காற்றில் மாறி 6பிபிடி-குயினோன் ஆகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை பெய்தாலே கோஹோ சால்மன் சாவதற்கு அதுதான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அளவிலேயே கோஹோ சாகிறது. நெருங்கிய உறவான சம் சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை. சம் சால்மனை வைத்துச் சோதித்திருந்தால் தேறியிருக்கும்.

நம் அயிரை எந்த நஞ்சுக்குக் கோஹோ மாதிரிச் சாகும் என்று யார் பார்த்தார்கள்?

குட்டைக்காரர்

தம்பி இதைச் சொன்னதும் எனக்கு ஒன்று நினைவு வருகிறது. எங்கள் பக்கம் பெரியவர்கள் "வாய்க்காலில் விரால் கிடக்கிறது, தண்ணீருக்கு ஒன்றும் இல்லை" என்பார்கள். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை மூச்சாக இழுக்கும். சேற்றில் போட்டாலும் கிடக்கும். அது இருப்பதை வைத்துத் தண்ணீரைச் சொல்லவே முடியாது. நான் சின்ன வயதில் நடவு வயலில் அயிரையும் உளுவையும் கூடையில் அள்ளினேன். இப்போது அந்த வயலில் விரால் குஞ்சு எப்போதாவது தெரிகிறது. அயிரையைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. என் பேரன் அதைக் கடையில்தான் பார்த்திருக்கிறான். எந்த வருடம் போனது, எதனால் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் வெள்ளையாக மிதந்திருந்தால் தெரிந்திருக்கும்.

வடவாற்று வாத்தியார்

ஆலையையே பேசுகிறோம், நம் கையையும் பார்க்க வேண்டும். சைபர்மெத்ரின் மாதிரிப் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒப்பிட்டால் சாதுவானவை. மீனுக்கு லிட்டரில் சில மைக்ரோகிராமே போதும். மோனோகுரோட்டோபாஸ் நேர்மாறு: பறவைக்கும் மனிதனுக்கும் கொடியது, மீனுக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆகவே மீன் பிழைத்த தண்ணீரை மனிதன் குடிக்கலாம் என்பதும் தப்பு, மனிதனுக்கு ஆகாததுதான் மீனைக் கொல்லும் என்பதும் தப்பு. ஸ்ப்ரேயரை வாய்க்காலில் கழுவுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அரசலாற்றங்கரை

ஐயா சொன்ன பைரெத்ராய்டில் இன்னொரு சிக்கல், இது எங்கள் வேலையின் உள்விஷயம். அந்த மருந்து தண்ணீரில் நிற்க விரும்பாது. சேறு, பாசி, பிளாஸ்டிக் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கேனில் எடுத்து, வெயிலில் பைக்கில் கட்டி, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்கு வந்தால் கேனின் சுவரில் இருக்கும், தண்ணீரில் இருக்காது. அதனால்தான் 203-ஆம் வழிகாட்டியில், தொட்டியில் போட்ட அளவை மட்டும் நம்பாமல் தொட்டித் தண்ணீரை இடையிடையே அளக்கச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வரும் மாதிரிக்கு யாரும் அதைச் செய்வதில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சோதனை. ரசாயனம் இல்லாத தொட்டியில் காலையில் வந்து பார்த்தால் பத்தில் நான்கு மீன் செத்துக் கிடந்தது. குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்காமல் நிரப்பியிருக்கிறேன். அந்தத் தொட்டியில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் செத்தால் முழுச் சோதனையும் செல்லாது. எழுபது மீன் வீண். அன்றைக்கு அழுதேன். ஆனால் அந்த விதி இருந்ததால்தான் பொய்யான அறிக்கை போகவில்லை. சோதனைக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. வாய்க்காலிலிருந்து ஆய்வகக் கதவு வரை எந்த ஒழுங்கும் இல்லை. என் சண்டை அங்கேதான்.

சாயத்தொட்டி

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? ஒவ்வொரு குட்டைக்கும் தனிச் சட்டமா?

அரசலாற்றங்கரை

சட்டம் மாற வருடங்கள் ஆகும். ஒரே மாதிரித் தண்ணீரை இரண்டு தொட்டியில் வைக்க ஒரு நாள் போதும். ஒன்று வந்தபடியே. இன்னொன்றைப் பிஎச் 9-க்கு ஏற்றி, 30 டிகிரியில். 1992-ஆம் வருட வழிகாட்டியில் கெண்டைக்கு 20 முதல் 24 டிகிரி என்று இருக்கிறது. எங்கோ இருக்கும் ஆய்வகங்களின் முடிவை ஒப்பிட அது வேண்டும், சரி. ஆனால் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரித் தண்ணீர் 7.6-தான் பிடிக்கும். சித்திரையில் நம் மீன் அந்த 7.6-இல்தான் மூச்சு விடுகிறது. ஒப்பிட ஒரு தொட்டி, ஊருக்கு ஒரு தொட்டி. நீங்கள் கட்டும் பணத்தில் பத்து மீனும் ஒரு ஹீட்டரும்தான் கூடுதல்.

சாயத்தொட்டி

என் பட்டறைத் தண்ணீர் சோடா போட்ட தண்ணீர், காரம். இரண்டாவது தொட்டியில் தோற்றால்?

அரசலாற்றங்கரை

தோற்றால் எந்த மாதம் விடக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். ஆறு ஓடும்போது விடலாம், காயும்போது தேக்கி வைக்கலாம். அண்ணனைப் போல ஒருவர் மோட்டார் போடுவதற்கு முன்னால் தெரிந்திருக்கும்.

சாயத்தொட்டி

நாலரை மாதம் தேக்க எனக்கு இடம் இல்லை அக்கா. அதுதான் உண்மை. ஆனாலும் ஒரு தடவை செய்து பார்க்கிறேன். முடிவை இங்கே போடுவேனா என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது.

நுண்ணோக்கி

மீன் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது, அதை நான் ஏற்கவில்லை. பிஎச் 9 தொட்டியை முட்டையில் செய்யுங்கள், நான் வந்து செய்து தருகிறேன். முட்டை தேறினால் மட்டும் மீனைத் தொடுங்கள். தோற்றால் மீனே வேண்டாம், பதில் கிடைத்துவிட்டது.

அரசலாற்றங்கரை

அது சரிதான். ஒத்துக்கொள்கிறேன்.

குட்டைக்காரர்

எனக்கு இந்தச் சண்டையில் பாதிதான் புரிந்தது. வாய்க்காலில் அதே தண்ணீர் இப்போதும் வருகிறது, நான் இன்னும் மோட்டார் போடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு யாராவது வந்தால் மதகுப் பக்கத்தில் எடுத்துத் தருகிறேன். வாத்தியார் ஐயாவிடம் லிட்மஸ் தாள் இருந்தால் போதுமா?

அரசலாற்றங்கரை

லிட்மஸ் காரமா அமிலமா என்று மட்டும் சொல்லும் அண்ணே, நமக்கு எண் வேண்டும். மீட்டர் நான் கொண்டுவருகிறேன். நான்கு கண்ணாடிப் பாட்டில், ஐஸ் பெட்டியும் சேர்த்து. குட்டையிலும் விடியற்காலை ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், அதனால் வியாழன் இரவே வந்துவிடுகிறேன். அதுவரை வாய்க்காலில் யாரையும் இறங்க விடாதீர்கள், சேறு கலங்கிவிடும்.